மிதித்தால் நிற்காது

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று குன்னூரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். சின்னப் பொய்தான். ஆனால் சம்பந்தியாகப் போகிறவரின் சோபாவில் உட்கார்ந்து, அவர் சுட்ட கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சொன்ன பொய்.

என் மகன் கவின், பெங்களூரில் கூட வேலை பார்க்கும் செரினைத்தான் கட்டுவேன் என்றான். நான் தடுத்ததாக எங்கள் ஒறம்பரை சொந்தத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. அபாண்டம். "ரெண்டு வருசம் யோசிச்சுக்க சாமி" என்று மட்டும்தான் சொன்னேன். பெற்றவள் இதுகூடச் சொல்லக் கூடாதா? பயல் இரண்டு வருடம் யோசித்துவிட்டு அதே பெண்ணின் பெயரைச் சொன்னான். ஆகவே மலை ஏறினோம்.

செரினின் அம்மா மேபல் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். சர்ச்சில் பாடுகிற குழுவை நடத்துகிறவரும் அவர்தான். கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் பியானோ இருந்தது. காபி ஆறுவதற்குள் ஒன்று வாசித்துக் காட்டினார். மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் பெண்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் நான். யார் எதன் முன்னால் உட்கார்ந்தாலும் என் கண் அவர்கள் காலுக்குத்தான் போகும்.

"நீங்களும் வாசிப்பீங்களா?" என்றார் மேபல், என் பார்வையைப் பார்த்துவிட்டு.

"சின்ன வயசுல வாசிச்சதுங்க. இப்ப டச் விட்டுப்போச்சு."

சின்ன வயதில் நான் தட்டியது டைப்ரைட்டர். பொள்ளாச்சி இன்ஸ்டிடியூட்டில் ஹையர், ஃபர்ஸ்ட் கிளாஸ். எதிரே என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணிக்குக் கேக் புரையேறியது.

மேபல் கைதட்டினார். "அப்ப நிச்சயத்தன்னிக்கு நீங்க ஒண்ணு வாசிக்கணும். ஆவணியிலதான வெக்கறோம்? நெறைய டைம் இருக்கு, சம்பந்தியம்மா."

முதல்முறையாகச் சம்பந்தியம்மா என்று அழைத்தார். அதற்கப்புறம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இவர் சிரித்தார்.

"ஏனுங்க, ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"எனக்கு ரோடு தெரியுது அம்மிணி. உனக்குத்தான் இனி எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியல."

ஏப்ரல் 9, புதன்

கடவுள் இருக்கிறார். என்னிடம் கார் பழகும் பியூலா பியானோ டீச்சர்! பிப்ரவரியிலேயே சேர்ந்தாள், நான்தான் லாரியைப் பார்த்துக் கண்ணை மூடுகிற பெண் என்று மட்டும் மனதில் குறித்து வைத்திருந்தேன். முப்பது வயது. லாரி, டவுன் பஸ், மாடு எல்லாவற்றுக்கும் பயம். தன் வண்டியின் ஹாரனைத் தானே அடித்துவிட்டு "ஐயோ" என்பவள்.

இன்று தடாகம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதில் லிப்ஸ்டிக் பாதி போய்விட்டது.

ஒப்பந்தம்: காலையில் ஒரு மணி நேரம் நான் அவளுக்குக் கார். முடிந்ததும் சாய்பாபா காலனியில் அவள் வீட்டு மாடியில் அவள் எனக்குப் பியானோ. வண்டியில் நான் மேடம். மாடிப்படி ஏறினால் அவள் மிஸ். முதல் நாளே தெரிந்துவிட்டது, வண்டியில் நான் திட்டியதற்கெல்லாம் மாடியில் வட்டி போட்டுத் திருப்புகிறாள்.

மே 20, செவ்வாய்

டைப்ரைட்டிங் வீண் போகவில்லை. பத்து விரலும் தனித்தனியாக வேலை செய்கிறதே என்று பியூலாவே அசந்துவிட்டாள். மெதுவான, இரண்டு பக்கமுள்ள ஒரு நாக்டர்ன் கொடுத்திருக்கிறாள். நாக்டர்ன் என்றால் இரவுப் பாட்டாம். அடுத்த வரிக்குப் போகும்போது என் இடக்கை தானாக எழுந்து, டைப்ரைட்டர் உருளையைத் தள்ளுவதுபோல் வலப்பக்கம் தள்ளப் பார்ப்பது ஒன்றுதான் குறை.

இன்று முதல் பக்கம் முழுவதும் தப்பில்லாமல் வாசித்தேன். பெருமையுடன் திரும்பினேன்.

"கீழ் வீட்டுக்காரர் கேட்டார் மேடம், மாடிய டைப் அடிக்கற ஆபீசுக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களான்னு."

"மிஸ்"சுக்கு வாய் நீளம்.

"சத்தம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும். அதுக்குப் பெடல் வேணும். நாளைக்கு ஆரம்பிக்கலாம்."

பெடலா! அது என் பேட்டை. கை வேலைதான் எனக்குப் புதுசு. கால் வேலையை நான் ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவள். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கப் போகிறேன்.

மே 21, புதன்

தலைகீழாக இருக்கிறது.

"இதுல கிளட்ச் எது?" என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். பியூலா பியானோவின் மேல்மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் மேலும் ஒரு கம்பளித் துண்டு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டையை அமுக்கினால் அந்தத் துண்டு விலகுகிறது, சத்தம் வருகிறது. விரலை எடுத்தால் திரும்ப ஒட்டிக்கொண்டு சத்தத்தை நிறுத்துகிறது.

"அப்ப இதுதான் பிரேக்" என்றேன்.

"ஆமாங்க. இப்ப வலதுபக்கப் பெடல மிதிங்க."

மிதித்தேன். எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் கம்பியை விட்டு விலகின. எதை அடித்தாலும் நிற்காமல் முழங்கிக்கொண்டே இருந்தது.

அதாவது, மிதித்தால் பிரேக் விடுகிறது. காலை எடுத்தால் பிரேக் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் ஒரு நாள்கூட மேட்டில் வண்டி நிறுத்தியிருக்க மாட்டான்.

ஜூன் 3, செவ்வாய்

இன்னொரு அநியாயம். கிளட்சை மிதித்துவிட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும். இது உலக நியதி. இங்கே முதலில் கையால் புதுச் சுரத்தை அடிக்க வேண்டும். அதே கணத்தில் கால் மேலே வர வேண்டும். பழைய சத்தம் போனபிறகு கால் கீழே போக வேண்டும்.

"கை கீழ, கால் மேல. அப்பறம் கால் கீழ. மிதிக்கறதுக்கு முன்னாடி கேளுங்க மேடம், பழசு போயிருச்சான்னு."

நான் முதலில் மிதிக்கிறேன், பிறகு அடிக்கிறேன். பழைய சத்தமும் புதுச் சத்தமும் சேர்ந்து, ரசத்தில் பாயசத்தை ஊற்றிய மாதிரி ஆகிவிடுகிறது.

பாராட்டும் ஒன்று கிடைத்தது. குதிகாலைத் தரையிலேயே ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மிதிக்கிறேனாம். அது அழகாக இருக்கிறதாம். அது அழகில்லை கண்ணு, அது தொழில்.

"ஆனா அந்த டிங் டிங் சத்தம் மட்டும் இந்தப் பாட்டுல இல்லைங்க."

குனிந்து பார்த்தேன். என் மெட்டி பித்தளைப் பெடலில் இடிக்கிறது. மெட்டியைக் கழற்றினால் ஊரே கேள்வி கேட்கும். பிளாஸ்திரி சுற்றிக்கொண்டேன். சாயங்காலம் கால்விரலில் கட்டைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சுகுணா, நான் வண்டியை எங்கோ இடித்துவிட்டேன் என்று தெருமுனை வரை சொல்லிவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

சமையலறையில் பழகுகிறேன். தோசையை ஊற்றும்போது கால் மேலே. ஊற்றி முடித்ததும் கால் கீழே.

"காலுல என்ன, எறும்பா?" என்றார் இவர்.

"பெடலுங்க."

"தோசைக்கா?"

ஜூன் 14, சனி

இன்று பியூலா என் வியாதியைக் கண்டுபிடித்தாள்.

சரியாக வாசிக்கும் இடங்களில் கால் இப்போது ஒழுங்காகத்தான் போகிறது. ஆனால் விரல் எங்கேயாவது தவறினால், என் வலதுகால் படாரென்று முழுசாக மிதித்துவிடுகிறது. அதனால் அந்தத் தப்புச் சுரம் மட்டும் நிற்காமல், போய்ச் சேராமல், மூன்று வீடு தள்ளிக் கேட்கும்படி முழங்குகிறது. சரியாக வாசித்ததெல்லாம் காற்றோடு போய்விடுகிறது.

"ஏன் மேடம் தப்பு பண்ணினா மிதிக்கறீங்க?"

"நான் எங்க மிதிச்சேன்?"

மறுபடி வாசிக்கச் சொன்னாள். மறுபடி தப்பு. மறுபடி கால். இருவரும் குனிந்து என் காலையே பார்த்தோம், வேறு யாருடைய காலோ மாதிரி.

காரணம் விளங்கிவிட்டது. எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தப்பு செய்தால் நாங்கள் மிதிப்போம். தப்பு என்றால் மிதி; என் கால் கற்றது அவ்வளவுதான்.

"இத பியானோல சரி பண்ண முடியாது. வண்டியிலதான் சரி பண்ணணும்" என்றாள் பியூலா. அவள் கண்ணில் ஒரு மினுக்கம். எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

உயிரோடு இருக்கிறேன்.

காலையில் வண்டியில் ஏறியதும் மிஸ் உத்தரவு போட்டார்: "கால மேல தூக்குங்க. சீட்டுல சம்மணம் போட்டு உக்காருங்க."

"பியூலா, இது காரு. இங்க நான்தான் மேடம்."

"நாலு மாசமா ஓட்டறேன் மேடம். ஒரு தடவையாச்சும் நானா பிரேக் போட்டிருக்கேனா? நான் நெனைக்கறதுக்குள்ள உங்க கால் போட்டிருது."

"என் வண்டி இதுவரைக்கும் யார் மேலயும் இடிச்சதில்ல, தெரியுமா?"

"தெரியுங்க. உங்ககிட்டப் படிச்சவங்க யாராச்சும் தனியா ஓட்டறாங்களா?"

ஓட்டுகிறார்கள். சுகுணா ஓட்டினாள். ஒரு நாள். மற்றபடி எல்லோருக்கும் ஏதேதோ சோலி.

சம்மணம் போட்டேன். இந்த உடம்புக்கு அந்தச் சீட்டில் அது சாதாரண வித்தை இல்லை. வடவள்ளிப் பக்கம் போகும்போது ஒரு டவுன் பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் நடுரோட்டில் நின்றது. என் வலதுகால் இடது தொடையை அமுக்கியது. இன்னும் சிவந்திருக்கிறது. "முருகா" என்றேன். பியூலா "இயேசுவே" என்றாள். வண்டி பஸ்ஸுக்கு நாலு அடி முன்னால் நின்றது.

யார் நிறுத்தியது? இரண்டு கடவுளும் இல்லை. பியூலாதான்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேடம்! நான் போட்டேன்! பிரேக்கு!" பின்னால் வந்த எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவள் பயப்படவே இல்லை.

மாடியில் வாசிக்கும்போது இரண்டு தப்பு செய்தேன். ஒன்றுக்கு மிதித்தேன். இன்னொன்றுக்கு மிதிக்கவில்லை. தப்புச் சுரம் செத்துப்போன பின்னால் அந்த இடம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

ஜூலை 9, புதன்

கவின் போனில் கூப்பிட்டான். கல்யாணம் காலையில் சர்ச்சில், சாயங்காலம் மருதமலையில் மாலை மாற்றிக்கொள்வது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டார்களாம். கேட்கவில்லை, சொன்னான்.

வலதுகால் சமையலறைத் தரையை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

காலை எடுத்தேன்.

"இருக்கறேன் சாமி. மத்தியானம் பந்தி யாரு போடறது?"

"அம்மா, உடம்பு நல்லா இருக்குதல்ல?" என்றான். ஒரு நல்ல வார்த்தை பேசினால் டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி

பியூலா ஆர்.டி.ஓ. டெஸ்ட்டில் பாஸ். என் ஸ்கூலுக்குப் பூசணிக்காய் உடைத்தோம். அதை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்ததற்குச் சுகுணாவிடம் திட்டும் வாங்கினோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டாம் பக்கத்தில் சத்தமெல்லாம் கலங்கி ஒரே சேறு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை மறுநாள் நிச்சயதார்த்தம். கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு போனால் என்ன என்று இவரிடம் கேட்டேன்.

"போடலாம். கல்யாணத்தன்னிக்கு?"

"அன்னிக்கு இன்னொரு கை."

"அம்மிணி, உண்மையச் சொல்லீரலாம். டைப்ரைட்டிங்குனு சொன்னா யாரு கோவிச்சுக்குவாங்க?"

யாரும் கோபிக்க மாட்டார்கள். அதுதான் கஷ்டம். மேபல் சிரித்துக்கொண்டே "பரவால்லீங்க" என்பார். அந்தப் பரவாயில்லையை நான் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். செரின் என்னை அத்தை என்று கூப்பிடும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். இரண்டு வருடம் காக்க வைத்தவள், பொய்யும் சொன்னவள் என்று அந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் நின்றுவிடக் கூடாது. அவ்வளவுதான் வேண்டும் எனக்கு. சங்கீதம் எனக்கு எதற்கு?

இதை எழுதிவிட்டுப் பார்த்தால், மேசைக்கடியில் கால் இரண்டாம் பக்கத்தைப் பழகிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

பியூலாவும் வந்தாள். மேட்டுப்பாளையம் வரை அவள்தான் ஓட்டினாள். நான் பின்சீட்டில், காலுக்குக் கீழே எந்தப் பெடலும் இல்லாமல், சீடை தின்றுகொண்டு போனேன்.

நிச்சயம் நடந்தது சர்ச்சுக்குப் பக்கத்துப் பழைய ஹாலில். கூரை அவ்வளவு உயரம். ஒருவர் தும்மினால் தும்மல் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்குகிறது. வீட்டுப் பியானோவைத் தூக்க முடியாது என்பதால், மேபல் கரண்ட்டில் ஓடும் பியானோ ஒன்றை மேடையில் போட்டிருந்தார். பெடல் தனியாகத் தரையில் வைக்கிற ரகம். மேலே ரப்பர், மெட்டி இடிக்காது என்று அதைப் பார்த்ததுமே ஒரு தைரியம்.

தட்டு மாற்றியாயிற்று. மோதிரம் போட்டாயிற்று. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஜெபம் எப்போது முடியும் என்று பார்த்து, பெண் வீட்டார் கண் திறந்ததும் தாங்களும் திறந்தார்கள். மேபல் மைக்கைப் பிடித்தார்.

"இப்ப மாப்பிள்ளையோட அம்மா ஒண்ணு வாசிப்பாங்க. சின்ன வயசுல கத்துக்கிட்டது. அதெல்லாம் மறக்காது, இல்லீங்களா சம்பந்தியம்மா?"

கவின் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். இவர் கூரையைப் பார்த்தார்.

உட்கார்ந்தேன். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். குதிகாலை ஊன்றினேன். கை கீழ, கால் மேல. அப்பறம் கால் கீழ.

முதல் பக்கம் போனதே தெரியவில்லை. ஒவ்வொரு சத்தமும் அடுத்த சத்தத்தின் கையைப் பிடித்துவிட்டுப் போனது. கால் சொன்னபடி கேட்டது. இவ்வளவு நாள் மல்லுக்கட்டிய பெடல், நேற்றுத்தான் எனக்கு வசப்பட்டது.

இரண்டாம் பக்கத்தில், வழக்கமாகச் சேறாகும் இடத்துக்கு இரண்டு வரி முன்னாலேயே, இடக்கை சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. நல்ல பலமாக விழுந்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வலதுகால்தான். அது இறங்கத் துடித்தது. நான் அதை மேலேயே வைத்திருந்தேன். போய்ட்டு வா சாமி என்று அந்தச் சுரத்தை வழியனுப்பினேன். போய்விட்டது. பிறகு மிதித்தேன். மேற்கொண்டு வாசித்தேன்.

முடிந்ததும் ஹால் கொஞ்ச நேரம் தானாக முழங்கிவிட்டு ஓய்ந்தது. அப்புறம்தான் கைதட்டல். செரின் ஓடிவந்து, "அத்தை, நீங்க சொல்லவே இல்ல!" என்று கட்டிக்கொண்டாள். கவின் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பியூலா மூக்கைச் சிந்திக்கொண்டே, "கால் கரெக்ட் மேடம். நான் காலத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு தப்பு இல்ல" என்றாள்.

மேபல் என் இரண்டு கையையும் பிடித்தார். "பெடல் எவ்வளவு சுத்தம்! எங்க சர்ச்சுல வருசக்கணக்கா வாசிக்கிறவங்களே அத கொழப்பியடிப்பாங்க. உங்ககிட்ட ஒரு எடத்துலகூடக் கலங்கல, சம்பந்தியம்மா."

அதை முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்போடு சொன்னார். சந்தோஷம் போல. பிறகு அவரும் ஒன்று வாசித்தார்; அதற்கு முன்னால் பியானோவின் பின்பக்கம் குனிந்து எதையோ எடுத்துச் செருகிக்கொண்டார். அவர் வாசித்தது ஒரு மாதிரி கனமாக, நீளமாகக் கேட்டது. நிஜமாகச் சொல்கிறேன், நேற்றைக்கு என் பெடல் அவருடையதைவிடச் சுத்தம்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு. காலையிலேயே மூன்று பேர் போன் செய்து பியானோ கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். மேபல் சொல்லித்தானாம். பெடல் மட்டும் வேண்டுமானால் சொல்லித் தருகிறேன் என்றேன். மற்றதைப் பியூலா பார்த்துக்கொள்ளட்டும்.

இவர் ஐந்தாவது கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு நான் மட்டும் பாக்கலீன்னா நீ மேடையில விழுந்திருப்ப அம்மிணி."

"எதுக்குங்க விழறேன்?"

"உன்ற காலுக்கிட்ட ஒரு ஒயரு குறுக்க கெடந்துது. நீ ஏர்றதுக்கு முன்னாடி நான்தான் புடுங்கிச் சுருட்டி அக்கட்டால வெச்சேன்."

"எந்த ஒயருங்க?"

"அதான், நீ காலுல மிதிச்சுட்டிருந்தியே, அதுலிருந்து பியானோவுக்குப் போற ஒயரு."